பதினைந்தாவது எண்

பவர் பட்டனை அழுத்தி ஏழு நிமிடம் ஆன பிறகுதான் திரையில் வெளிச்சம் வந்தது. பழுதான கணினி என்றால் ஹேமநாதன் கவலையே பட்டிருக்க மாட்டான். பழுது பார்ப்பதுதானே அவன் பிழைப்பு. ஆனால் இதில் பழுது என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, ஏழு நிமிடம் கழித்து விண்டோஸ் ஒன்றும் அறியாத பிள்ளைபோல வந்து நின்றது. வந்த பிறகு எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. எழுந்திருக்க மட்டும்தான் ஏழு நிமிடம், ஒவ்வொரு தடவையும், நொடிகூடப் பிசகாமல்.

தம்போய் புறநகரில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு அவனுடையது. முன்னறைதான் பட்டறை. டியூஷன் வாத்தியார் மகேஸ்வரன் கொடுத்த கணினிக்கு அன்று காலைதான் மதர்போர்டு மாற்றியிருந்தான். புது போர்டு இல்லை. மூடிப்போன தொழிற்சாலைகளின் பழைய கணினிகளை பாசிர் கூடாங் பக்கம் குவியலாகப் போட்டு விற்பார்கள். அதிலிருந்து பொறுக்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தது. எவ்வளவு துடைத்தும் அதில் ஒரு வாடை போகவில்லை. தேங்கிய தண்ணீரும் அழுகிய செம்பனைப் பழமும் கலந்த வாடை. மின்சாரம் ஏறி போர்டு சூடானால் அது முன்னறை முழுக்கப் பரவி, வெளியே பெய்துகொண்டிருந்த மத்தியான மழையின் ஈரத்தோடு சேர்ந்து தொண்டைவரை இறங்கியது.

வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். ரேமை மாற்றினான். வயரை மாற்றினான். பட்டன் பேட்டரியைப் பிடுங்கிப் புதிது போட்டான். பயாஸ் அமைப்பை ஆதி நிலைக்குக் கொண்டுபோனான். ஏழு நிமிடம். கடைசியில், தொடக்கத்தில் வரும் கம்பெனிச் சின்னத்தை எடுத்துவிட்டு, அந்தத் திரைக்குப் பின்னால் போர்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தான்.

கறுப்புத் திரையில் ஓர் எண் வந்தது. நான்கு இலக்கம். பிறகு அரை நிமிடம் ஒன்றுமில்லை. விசிறி மட்டும் மழையில் பேருந்துக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்போல மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றியது. பிறகு இன்னோர் எண்.

"லெட்சுமி, இங்க வாயேன். இது என்ன எரர் கோடுன்னே தெரியல லா."

அவன் மனைவி தனலெட்சுமி சமையலறையில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணிக்கு அவளுக்குத் தொழிற்சாலை பஸ். பாசிர் கூடாங்கில் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட். "எனக்கென்னங்க தெரியும் உங்க கம்ப்யூட்டரப் பத்தி" என்று சிரித்தபடியே, "சரி, படிங்க" என்றாள்.

"நாலு ஒண்ணு ஏழு ரெண்டு. அப்புறம் நாலு ஒண்ணு எட்டு பூஜ்யம். இப்போ நாலு மூணு பூஜ்யம் ஆறு."

திரும்பிப் பார்த்தான். அவள் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்ல சொன்னது காளியம்மா அக்கா நம்பர்" என்றாள்.

ஹேமநாதனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள், பிறகு மூடிப்போன வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். வாசலில் வருகைப் பதிவுக் கணினி. அவரவர் எண்ணை அழுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு தடவை தாமதமானாலும் அந்த மாத வருகைப்படிப் பணம் போய்விடும். அதனால் பஸ் தாமதமானால், முன்னால் வந்தவர் மற்றவர்களுக்கும் சேர்த்து அழுத்திவிடுவார். எல்லாரும் செய்ததுதான். உதவி என்றே நினைத்துச் செய்தது. அந்த மழை நாளில் தனலெட்சுமி அவனுடைய மோட்டார் சைக்கிளில் போய் முதலில் இறங்கினாள். பஸ்ஸைக் காணோம். அதில் வரும் பதினான்கு பேரின் எண்களும் அவளுக்கு மனப்பாடம். அழுத்தினாள்.

பஸ் செம்பனைத் தோட்டத்து ஆழமான கால்வாய்க்குள் இறங்கியிருந்தது. பதினான்கு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று கணினி சொன்னது. ஆளுக்கொரு பிரிவில் துப்புரவு வேலை என்பதால், இங்கே இல்லாதவர் அங்கே இருப்பார் என்று ஒவ்வொரு சூப்பர்வைசரும் நினைத்துக்கொண்டார். ஐந்து மணிவரை யாரும் தேடவில்லை. சிலர் நெடுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவள் அழுத்தியது இவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எட்டு வருடமாக அவள் தூக்கத்தில் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கேட்காததுபோலப் படுத்திருக்கிறான்.

"டிஸ்க்ல மிச்சம் இருந்திருக்கும்" என்றான். பொய். டிஸ்க் வாத்தியாருடையது. எண்கள் போர்டில் தங்காது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? எழுந்துபோய் டிஸ்க்கைப் பிடுங்கினான். எண்கள் வந்துகொண்டே இருந்தன.

பன்னிரண்டாவது எண். பதிமூன்று. பதினான்கு.

டிஸ்க் இல்லை என்ற செய்தி அடுத்து வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. கீழே காலியான ஒரு வரியில் கோடு மட்டும் மின்னியது.

"அடுத்து நாந்தாங்க" என்றாள் தனலெட்சுமி. "அன்னிக்குக் கடைசியா என் நம்பரத்தான் அழுத்துனேன்."

ஹேமநாதன் பிளக்கை உருவினான். திரை அணைந்தது. வாடை போகவில்லை. அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இவளை இந்த வீட்டிலிருந்து, இந்தப் பெட்டியிலிருந்து, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் அனுப்பிவிட வேண்டும்.

"நான் இன்னிக்குப் போகலங்க."

"போ லெட்சுமி. இங்க இருந்தா இதையே பார்த்துக்கிட்டு இருப்ப. அங்க நாலு ஆளுங்க இருப்பாங்க. நீ வர்றதுக்குள்ள இத ஒடச்சுக் குப்பையில போட்டுடறேன்."

வெளியே ஹார்ன் கேட்டது. மணி ஒன்று இருபதுதான். மழையென்று டிரைவர் முன்னாலேயே கிளம்பியிருப்பார் என்று நினைத்தான். குடை பிடித்து வாசல்வரை கூட்டிப்போனான். பஸ்ஸின் கண்ணாடிகள் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தன. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. தனலெட்சுமி படியில் ஒரு கால் வைத்துத் தயங்கினாள். அவன்தான் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

கதவு மூடிக்கொண்டது.

உள்ளே வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினான். கடைசி ஸ்க்ரூ. போர்டைக் கையில் எடுத்தான். ஈரமாக இருந்தது. சொட்டியது.

மறுபடியும் ஹார்ன்.

வாசலில் பஸ் நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் வரும் டிரைவர் செல்வா சன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"சாரி லா அண்ணே, ஹைவேல ஒரே ஜாம். அக்கா ரெடியா?"

ஹேமநாதன் தரையைப் பார்த்தான். ஈரத் தாரில் இரண்டு டயர் தடங்கள், கறுப்புச் சேறாக. அவை சாலையை நோக்கிப் போகவில்லை. சந்தின் முடிவுக்குப் போயின. அங்கே சுவர்தான் இருக்கிறது. தடங்கள் சுவருக்கு அடியில் நின்றன.

மழையில் ஓடினான். ஓடிக்கொண்டே அவளுடைய எண்ணுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடித்தது.

சுவரில் தொற்றி எட்டிப் பார்த்தான். கீழே லோங்காங். ஓர் ஆள் படுத்தால் நிரம்பிவிடும் சாக்கடை. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாத இடம். அந்தத் தண்ணீருக்கடியில், வெகு ஆழத்தில், போன் வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. அது மின்னும்போதெல்லாம் ஒரு சன்னல் தெரிந்தது. பஸ் சன்னல். அதன் பின்னால் இருக்கை இருக்கையாக ஆட்கள், எல்லார் முகமும் மேலே அவனை நோக்கி.

முதல் இருக்கையில் தனலெட்சுமி. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் உயிரோடுதான் இருந்தாள்.