எண்ணெய்க் கிண்ணங்கள்

புதுக் கட்டிலில் கோழி வாடை அடித்தது.

பக்கவாதத்தில் கை, கால், நாக்கு மூன்றும் போயிருந்தாலும் தாம்யானுக்கு மூக்கும் காதும் தோலும் ஒழுங்காகவே இருந்தன. மனைவி ராத்கா அன்று காலையில்தான் அவரை இந்தக் கட்டிலுக்கு மாற்றியிருந்தாள். வெளுத்த துணியின் சோப்பு மணத்துக்கும், அடுக்களையில் வேகும் முட்டைக்கோஸ் மணத்துக்கும் அடியில், பழைய கோழிக் கொட்டகையின் அந்தப் புளித்த வாடை விடாமல் வந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பென்கோ நின்றிருந்தான். கொட்டகைக்கு மருந்தடித்தால் வியாபாரிகள் முட்டை வாங்க மாட்டார்கள். பிறகு எப்படித்தான் கோழிகளை ரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சியிடமிருந்து ராத்கா காப்பாற்றினாள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் பொறுமையாகச் சொன்னாள். கோழிகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றி, அவை அடையும் கட்டைகளின் கால்களை எண்ணெய்க் கிண்ணங்களில் நிறுத்தினாளாம். எண்ணெயைத் தாண்டி ஒரு செள்ளும் போகாதாம். பழைய கொட்டகையைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிச் செள்ளைப் பட்டினி போட்டாளாம்.

"செத்துருச்சாக்கா?"

"எங்க சாகுது? சாம்பலாட்டம் காஞ்சு, கட்டை விரிசல்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. ரத்தம் குடிச்சாத்தான் சிவக்கும்."

அந்தப் பழைய கட்டைகளை எரித்தாயிற்றா என்று கேட்டான்.

"நல்ல ஓக் மரம்ப்பா. எரிக்க மனசு வரல."

தாம்யானின் முதுகுக்கடியில் மெத்தை இல்லை. ஒற்றைப் போர்வை. அதற்கும் கீழே உருண்டைக் கட்டைகள், வரிசையாக விலாவை உறுத்தின. சாவியைத் தொலைத்ததற்காக ஒரு ராத்திரி முழுக்க அவளைக் கொட்டகையில் பூட்டி வைத்ததும், விடிந்து உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியோடு வந்தவளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்ததும் அவருக்கு ஞாபகம் வந்தன. 

ராத்கா உள்ளே வந்து குனிந்தாள். கட்டில் கால்களுக்கு அடியில் கிண்ணங்கள் நகரும் சத்தம். சூரியகாந்தி எண்ணெய் கொட்டும் சத்தம். செள் ஏறாமலிருக்கத்தான் என்று ஒரு கணம் நம்பப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது எதுவும் இறங்கிப் போயிடக் கூடாது பாருங்க," என்றாள்.

வெளியே நல்ல வெயில். செள்ளுக்கு இருட்டு வேண்டும். ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் போனாள்.

முதலில் முதுகில். ஒரு குறுகுறுப்பு. பிறகு அக்குள். கழுத்து. காதுக்குள். சொறியக் கை எழவில்லை. கத்த நாக்கு புரளவில்லை.

வெகுநேரம் கழித்து வந்து, நோயுற்ற கோழியைப் பார்ப்பதுபோல் அவர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் சிவப்பு இருக்கு."

மறுபடி கதவு சாத்தும் சத்தம். ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் அவர் மார்பின் வெள்ளைத் துணியில் விழுந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தன. சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தன.