மடத்துக் கயிறு

நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் இருந்த பாழடைந்த கிறிஸ்தவச் சாமியார் மடத்துக்கு வீரையன் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். பண்ணையார் பஞ்சநதம் முன்னமே வந்து குடையோடு நின்றிருந்தார்.

விஷயம் இதுதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு குடும்பம் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் சர்க்காருக்கு. மடத்து நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் பஞ்சநதம் மிச்ச நிலத்தை இந்த மடத்தின் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். ஆனால் இங்கே இருந்த பிச்சைச் சாமியார்கள் அவருடைய தாத்தா காலத்துக் காலராவிலேயே செத்துப்போயிருந்தார்கள். இன்று தாசில்தார் பார்வையிட வருகிறார். காட்டுவதற்கு ஒரு சாமியார் வேண்டும். பண்ணையாள் வீரையன் வேஷம் கட்டி நின்றால் அவனுக்கு ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு.

மடத்துச் சாவி வைத்திருந்த மாதா கோயில் உபதேசியார் ஜெக்கரியா, பெட்டியிலிருந்து பழுப்பு அங்கியை எடுத்துக் கொடுத்தார். இடுப்பில் கட்டும், மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிற்றைக் கொடுக்கத்தான் அவருக்குக் கை வரவில்லை.

"அங்கி மட்டும் போதும் வீரையா. இதக் கட்டுனா வாக்குக் குடுத்த மாதிரி. ஒரு முடிச்சு கீழ்ப்படிதல், ஒண்ணு கற்பு, ஒண்ணு வறுமை. மடங்கூட அவங்களுக்குச் சொந்தமில்ல. அந்தக் காலத்துல இவங்க ஆளுங்க கிரேக்க நாட்டுல, வேற கிறிஸ்தவ சபைக்காரங்க நடுவுல போயி மடம் வச்சாங்க. அங்கயும் இதேதான். படுத்த தரை ஊரார் தரை, தின்ன சோறு கையேந்துன சோறு."

பஞ்சநதம் சிரித்தார். "ஒண்ணுமில்லாத பயலுக்கு வறுமை வாக்கு வேறயா? கட்டுடா."

"இல்லாம இருக்கறது வேறங்க. வேணாம்னு இருக்கறது வேற."

வீரையன் அந்த ஒரு மாவை நினைத்துக்கொண்டு கட்டினான்.

இடுப்பு மரத்தது.

வெகுநேரம் சேற்றில் நின்ற கால் மரக்குமே, அப்படி. மெல்ல நெஞ்சுக்கு ஏறி, தோள் வழியாகக் கைக்கு இறங்கியது. பயம்கூட வரவில்லை. உள்ளறையிலிருந்து ஈரச் சாம்பல் வாடை வந்தது. வெறுங்கால்கள் தரையில் பதியும் ஓசை கேட்டது.

ஒருவர் அல்ல.

வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

வாசலில் ஜீப் நின்றது.

"சாமிக்கு மௌன விரதங்க," என்றார் பஞ்சநதம்.

"தலையாட்டினாப் போதும்," என்றார் தாசில்தார். "சாமி, இந்த நிலமெல்லாம் மடத்தோடதுதானே?"

வீரையன் தலையை ஆட்டப் பார்த்தான். கழுத்து அசையவில்லை. வாய் திறந்தது.

"எங்களுக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை."

அது அவன் குரல் இல்லை. ஒரே குரலும் இல்லை.

நிலம் சர்க்காருக்குப் போயிற்று. மறுவருடம் பண்ணையாட்களுக்குப் பங்கிட்டபோது வீரையனுக்கும் கிடைத்தது, அதே ஒரு மா. கயிற்றை ஜெக்கரியா அன்றைக்கே எரித்துவிட்டார். மரப்பு மட்டும் போகவில்லை. தன் மண்ணில் இறங்கி ஒரு பிடி அள்ளினான். விரல்கள் மடங்கவில்லை. மண் வழிந்து விழுந்தது. பிறகு அரிவாள் நழுவியது. குழந்தையின் கை நழுவியது. குழிந்து ஏந்தி நிற்க மட்டும் அந்தக் கைக்குத் தெரிந்தது.

அறுப்பு முடிந்து அவன் பெண்டாட்டி காத்தாயி பட்டப்பகலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். களத்து ஓரத்தில் வந்து கையேந்தி நின்றான்.

"இது நம்ம நெல்லுய்யா. யாருகிட்டய்யா கேக்குற?"

ஏந்திய கை அப்படியே இருந்தது.

அவள் ஒரு பிடி அள்ளி அவன் கையில் போட்டாள். பிறகு அவன் தோளைத் தாண்டிப் பின்னால், ஒவ்வொருவராகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

குனிந்து, இன்னொரு பிடி அள்ளினாள்.