ஏரி கொடுத்த பதில்

வருஷம் முழுக்க ஊராரை ஏற்றி இறக்கும் பஸ் டிரைவருக்கு, விடுமுறையிலும் ஸ்டியரிங்கை விட மனசு வரவில்லை. மனைவியையும் மகளையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், சாலையோரம் ‘குகை, நிலத்தடி ஏரி’ என்ற பலகையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே இறங்க இறங்கக் குளிர் எலும்பைத் தொட்டது. ஈரக்கல்லும் துருவும் கலந்த வாடை வேறு.

ஏரிக்கரையில் படகுக்காரர் ஒன்று சொன்னார்.

“இங்க யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. ஆள் காணாமப் போயிட்டா துடுப்பால படகைத் தட்டுவோம். அந்தச் சத்தத்துக்கு வந்துடுவாங்க.”

“கூப்பிட்டா என்னவாம்? தண்ணி கோவிச்சுக்குமா?” என்று டிரைவர் சிரித்தார்.

படகுக்காரர் சிரிக்கவில்லை.

சட்டென்று விளக்குகள் அணைந்தன. மேலே ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருக்கிற இருட்டு. மனைவியின் கைக்குள் இருந்த பிஞ்சு விரல்கள் வழுக்கிப் போயின.

“குட்டிமா?”

பதில் இல்லை.

“பொறுங்கக்கா, தட்டுறேன்.” துடுப்பு டொக் டொக்கென்று படகில் மோதியது.

பெற்றவளுக்கு எங்கே பொறுக்கும்? ஒருமுறை பொருட்காட்சிக் கூட்டத்தில் மகளைத் தொலைத்து, உயிர் போய் உயிர் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அம்மா ஒரு ‘கூ’ கொடுத்தால் மகள் இரண்டு கொடுக்க வேண்டும். இப்போது தாய் தொண்டை கிழியக் கூவினாள்.

எதிரொலி என்றால் ஒன்றுதான் வர வேண்டும்.

இரண்டு வந்தது. ஏரியின் நடுவிலிருந்து.

“ஐயோ, ஏங்க, தண்ணிக்குள்ள இருக்கா!” என்று அவள் அலறி முடிப்பதற்குள் தொபீரென்று சத்தம். கணவர் குதித்துவிட்டார்.

“சார், வேணாம்! ஆழம்!” படகுக்காரர் தட்டுத்தடுமாறி டார்ச்சை எடுத்து அடித்தார். வெளிச்சம் தண்ணீரெங்கும் அலைந்து, யாரையும் காணாமல், கரைப்படியின் அடியில் வந்து நின்றது.

மகள் அங்கே மஞ்சள் கவுனும் இரட்டைச் சடையுமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

தாய் ஓடிப்போய் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். “ஏண்டி இங்க வந்த? எனக்கு உசிரே போச்சுடி!”

“நான் கூவலம்மா,” என்று குழந்தை கிசுகிசுத்தாள். “அது கூவுச்சு.”

கணவர் இன்னும் தண்ணீருக்குள். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். படகுக்காரர் வெறி பிடித்தவர்போலத் துடுப்பைத் தட்டினார். கடவுளே, அவரை மட்டும் கொடுத்துவிடு என்று அவள் மனசுக்குள் கதறினாள்.

தண்ணீர் சலசலத்தது.

கணவர் தள்ளாடிக்கொண்டு கரைக்கு வந்தார். மூச்சு இரைத்தது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் கண்ணீர்.

“கெடச்சுட்டாடி! நடுங்குறா பாரு, துண்டை எடு!”

அவர் தோளில் ஒரு சிறுமி. அதே மஞ்சள் கவுன், அதே இரட்டைச் சடை. இருமி, தண்ணீரைத் துப்பிவிட்டு, தலையைத் தூக்கி விம்மினாள்.

“அம்மா... எத்தனை தடவை கூவினேன். ஏம்மா நீ வரல?”

அது அவள் மகளின் அழுகைதான். பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா? கையை நீட்டிப் பேச வாயெடுத்தாள்.

மடியிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்து அவள் வாயைப் பொத்தியது. சில்லென்று இருந்தது.

“உஷ்... பதில் சொல்லாதம்மா.”