மடியில் வந்து படுத்த ரசமோப்பி

பின்கால் ஒன்று இழுத்துக்கொண்டதால், காரைக்கால் எண்ணெய் முனையத்தில் அன்று ஒரு ரசமோப்பிக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

பூனை அளவு இயந்திரம். கச்சா எண்ணெயோடு வரும் பாதரசம் அலுமினியத்தையே அரித்துவிடும். வடிகட்டிகளுக்குத் தப்பிய ஆவியை ரசமோப்பி மோந்து கண்டுபிடிக்கும். அங்கேயே படுத்து, வயிற்றிலுள்ள தங்கத்தகட்டால் உறிஞ்சும். உறிஞ்சும்போது மெல்ல உறுமும். இவை வந்தபின் முனையத்தின் எண்ணெயில் பாதரசம் துளியும் இல்லை.

"எடுத்துட்டுப் போங்க சார், பாப்பா விளையாடட்டும்," என்றார் கிடங்குக்காரர் வின்சென்ட். "வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டுதான கெடக்குறீங்க."

இளஞ்சேரன் எடுத்துப் போனான். மனைவி மேகலா இறந்தபின் அவன் எதையும் மறுப்பதில்லை. மறுக்கவும் பேச வேண்டுமே.

மகள் நிலானி அதற்குக் 'குர்குர்' என்று பெயர் வைத்தாள். குர்குர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நொண்டிக்கொண்டே போய் அவள் படுக்கையருகே படுத்து உறுமியது.

தலையணைக்கடியில் மேகலாவின் வேலைச்சட்டை.

ரசமோப்பிகள் வருவதற்கு முன், அவனோடு எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவள் அவள். சிறுநீரகம் ஏன் கெட்டதென்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. முனையத்தில் குழாய்களை மோந்தார்கள். மனிதர்களை மோக்கவில்லை.

அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டுதான் நிலானி தூங்குவாள்.

அவன் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தான். பாதரசம் மூச்சுக்காற்றில் இருந்தால்கூட இந்த இயந்திரம் விடாது.

"நிலா, இங்க வந்து உக்காரு. ஆடக்கூடாது."

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

குர்குரை அவள் முன்னால் விட்டான். அது அவள் விரல்களை மோந்தது. முடியை மோந்தது. வாயருகே நின்றது. இளஞ்சேரனுக்கு மூச்சே வரவில்லை.

அது திரும்பியது. நொண்டி நொண்டி வந்து அவன் மடியில் ஏறிப் படுத்தது. உறுமத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

நிலானிக்கு முகம் வாடிவிட்டது. "போப்பா. அதுக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு. என்கிட்ட வரவே மாட்டேங்குது."

"வராதுடா செல்லம்," என்றான். "உன்கிட்ட வராது."

மேகலா போனபின் முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு அவள்மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.