நெற்றியில் ஊதா மருந்து

ஒன்பதாம் கட்டைத் தோட்டத்துக்குள் போலீஸ் லேண்ட்ரோவர் நுழைந்தபோது மதிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோலா சிலாங்கூரிலிருந்து வரும் வழியெல்லாம் கான்ஸ்டபிள் தங்கராஜு வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த ஆள் அப்படித்தான் இருப்பான் என்று கூட வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். விஷயம் அது இல்லை. வண்டி எந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கப் போகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

பழைய புகைவீடு. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி உலர்த்திய இடம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. இடிக்க வந்த குத்தகைக்காரர் முதலில் கதவைக் கழற்றினார். அன்றே காய்ச்சல் கண்டது. கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார், காய்ச்சலும் போனது. பொய் என்பவர்கள் அந்தக் கதவைப் போய்ப் பார்க்கலாம். அவசரத்தில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது சோமு என்பவன் கைத்துப்பாக்கியோடு பதுங்கியிருந்தான். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கடைக்காரரைச் சுட்டுவிட்டு ஓடி வந்தவன்.

தோட்ட ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸர் நாகூர் மீரான் மருந்துப் பெட்டியோடு ஏற்கெனவே வந்து காத்திருந்தார். போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு எங்கே போனாலும் அவரையும் வரச் சொல்வது அந்த வட்டாரத்து வழக்கம்.

“பாய், வண்டிக்குப் பின்னால இருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர் நாராயணசாமி. “உள்ள இருக்கிறவன் கையில துப்பாக்கி இருக்கிற வரைக்கும் ஒரு அடி முன்னால வரப்படாது.”

“வரச் சொன்னாலும் யோசிச்சுத்தான் சார் வருவேன்,” என்ற மீரான், தங்கராஜுவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “நீயும் வந்திருக்கியா? இந்தத் தடவ யாரு நெத்தியையாச்சும் துடைச்சே, உன் கைய முதல்ல கட்டிப் போடுவேன்.”

தங்கராஜு துப்பாக்கியைச் சரிபார்த்தான்.

போன வருஷம் இதே புகைவீட்டில் ஐயாவு என்ற கொள்ளைக்காரனைத் தொடையில் சுட்டுப் பிடித்தார்கள். ரத்தம் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. மீரான் சிவப்பு சைக்கிள் ட்யூபை வெட்டி, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் ரத்தம் நிற்கும். நெடுநேரம் அவிழ்க்காமல் விட்டால் காலே செத்துப்போகும். அதனால் கட்டுப் போடப்பட்டவன் நெற்றியில் ஊதா மருந்தைத் தொட்டு ‘டூர்னிக்கே’ என்ற அந்தக் கட்டின் பெயருக்கு முதலெழுத்தான ஆங்கில டி-யைப் போட்டு, அதன் கீழே கட்டிய நேரத்தையும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும். மீரான் ஒழுங்காக எழுதினார். பிறகு அடிபட்ட ஒரு போலீஸ்காரரைக் கவனிக்கத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

வண்டியில் ஐயாவுக்குத் துணை தங்கராஜு. அவனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அந்த எழுத்து எதற்கென்று தெரியாததால், சாகப்போகிறவன் நெற்றியில் ஊதாக் கறையோடு போவது அவனுக்குப் பொறுக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து நன்றாகத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறு பூசினான். குளிரக் கூடாதென்று இடுப்புவரை கம்பளியும் போர்த்தினான்.

ஐயாவு வழியெல்லாம் கெஞ்சினான். “அண்ணே, அவுத்துவிடுங்க. காலு எரியுது.”

“கொஞ்சம் பொறுத்துக்க. அது குண்டோட வலி,” என்றான் தங்கராஜு.

பாலத்தில் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டி வெகுநேரம் கழித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஐயாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. நெற்றியில் திருநீறு, மேலே கம்பளி. கட்டு இருப்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை, தங்கராஜுவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தெரிந்தபோது கால் கறுத்துப் போயிருந்தது. காலை எடுத்தார்கள். இரண்டு நாளில் ஆளும் போய்விட்டான்.

இப்போது இன்ஸ்பெக்டர் கை காட்டினார். தங்கராஜு பின்வாசல் வழியாக உள்ளே போனான்.

வெளியே வெயில். உள்ளே இருட்டு. நெருப்பு மூட்டிப் பல வருஷம் ஆன கட்டடத்தில் புதுப் புகையின் வாசம் அடித்தது. அதற்கு அடியில், மரத்தில் உறைந்து மிஞ்சும் ரப்பர்ப் பாலான ஒட்டுப்பால் அழுகிய நாற்றம்.

ஒரு வெடிச்சத்தம்.

வலது தொடையை யாரோ கடப்பாறையால் அடித்தது போல இருந்தது. தங்கராஜு மல்லாந்து விழுந்தான். அவன் துப்பாக்கி எங்கோ சறுக்கிப் போனது. கால்சட்டைக்குள் சூடாக ஏதோ பரவியது. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் அது பரவினால் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துவிடலாம் என்பதும் தெரியும்.

“பாய்!” என்று கத்தினான்.

வெளியே சலசலப்பு. பிறகு இருட்டுக்குள் யாரோ அவனை நோக்கி வந்தார்கள். ஒரு கால் ஊன்றும் சத்தம். அதன் பின்னால் எதுவோ தரையில் இழுபடும் சத்தம். ஊன்றுவதும் இழுபடுவதுமாக.

பக்கத்தில் வந்து நின்றது. கைகள் அவன் தொடையைத் தேடிப் பிடித்தன. ட்யூபைச் சுற்றி, குச்சியைச் செருகி, முறுக்கின. ரத்தம் நின்றது. கை சுத்தமான தொழில்காரக் கை.

“வலிக்குதா?” என்று ஒரு கிசுகிசுப்பு.

“வலிக்குது பாய்.”

“வலிக்கட்டும்.”

அப்போது வெளியே, லேண்ட்ரோவர் பக்கத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது. “விடுங்க சார், பையன் செத்துடுவான். நான் போறேன்.”

மீரானின் குரல்.

கைகள் அவனுடைய இடது தொடைக்கு நகர்ந்தன.

“அந்தக் கால்ல ஒண்ணும் படலண்ணே,” என்றான் தங்கராஜு.

“தெரியும்.”

முறுக்கியது. பிறகு இடது கை. பிறகு வலது கை. ஒவ்வொன்றும் எலும்புவரை இறங்கியது. விரல்கள் தன்னுடையவை இல்லாமல் போவதை அவன் உணர்ந்தான்.

“அவுத்துவிடுங்க. எரியுது.”

“கொஞ்சம் பொறுத்துக்க,” என்றது அது. “அது குண்டோட வலி.”

ஈரமான விரல் ஒன்று நெற்றியில் குறுக்காக ஒரு கோடு இழுத்தது. அதன் நடுவிலிருந்து கீழே இன்னொன்று. பிறகு அவன் சட்டைப் பையைத் துழாவி, திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, மொத்தத்தையும் அவன் வாய்க்குள் கொட்டியது.

கடைசி ட்யூப் கழுத்தைச் சுற்றி வந்தது.

அந்த நேரத்தில்தான் சோமு அலறினான். மேலே மூங்கில் கழிகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். குதித்து, துப்பாக்கியை எறிந்து, தலைகீழ்க் கதவை உடைத்துக்கொண்டு வெளியே ஓடி, இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டான். அந்த வட்டாரத்தில் போலீஸைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட திருடன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“சுட்டது நான்தான் சார், ஒத்துக்கிறேன்,” என்றான். “கட்டினது நான் இல்ல.”

மீரான் ஓடிவந்தார். வெளிச்சம் விழுந்ததும் கழுத்திலிருந்த ட்யூப் தளர்ந்து கிடந்தது. மற்ற நான்கையும் அவர் பார்த்தார். முடிச்சு அவருடைய முடிச்சு. ட்யூப் வெயிலிலும் மண்ணிலும் கிடந்தது போல வெடித்துப் போயிருந்தது. காயத்துக்கு மேலே இருந்ததை விட்டுவிட்டு மூன்றை வெட்டினார். வாயிலிருந்து திருநீற்றைத் தோண்டி எடுத்தார்.

பிறகு நெற்றியைப் பார்த்தார்.

“இத யாரு எழுதினது?”

“நீங்க இல்லையா பாய்?”

மீரான் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊதா மருந்துப் புட்டியின் மூடி திறக்கவே இல்லை. “துடைக்காத,” என்றார். “யாரும் துடைக்கப்படாது.” வண்டியில் அவனோடு அவரே ஏறிக்கொண்டார்.

கால் பிழைத்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் மீரானைத் திட்டினார். “எழுத்தப் போட்டீங்க, சரி. கீழ நேரம் எங்க? நேரம் இல்லாம இது என்ன கட்டு?”

மீரான் திட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த எழுத்து போகவில்லை. ஸ்பிரிட் போட்டார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள். அந்த நெற்றியோடுதான் கல்யாணம் நடந்தது. படம் பிடித்தவர் மாப்பிள்ளையைக் கொஞ்சம் குனிந்தே இருக்கச் சொன்னார். மனைவி நல்லம்மாள் எலுமிச்சம்பழம் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கினாள். புண் ஆறியது, எழுத்து இருந்தது. அதன் மேல் திருநீறு மட்டும் நிற்காது. பூசப் பூச உதிர்ந்துவிடும்.

கோலா சிலாங்கூரில் எல்லாருக்கும் பழகிவிட்டது. தங்கராஜுவுக்கும் பழகிவிட்டது. உத்தியோகத்தில் ஒரு பட்டைகூட ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தான். அடுப்படியில் நல்லம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, வெளியில யாராச்சும் விறகு மூட்டுறாங்களா? புகை வாசம் வருது.”

அவன் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

எழுத்துக்குக் கீழே, இன்னும் காயாத ஊதாவில், நேரம் எழுதியிருந்தது.

சுவர்க் கடிகாரம் அந்த நேரத்தைத் தொட இன்னும் சில நிமிஷங்களே இருந்தன.