பொருளடக்கம் ஒரே நிமிடத்தில்

“இதுல ஒரு தலைப்புகூட இல்லியே மேடம்...”

சுடர்விழிக்குச் சுர்ரென்று ஏறியது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு... அதில் தலைப்பே இல்லையாம்! சொன்னவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உப்பளம் பகுதியின் அந்த ஜெராக்ஸ் கடைக்கு அவள் வந்ததே தற்செயல்தான். மழைக்கு ஒதுங்கியவள், ‘பொருளடக்கம் ஒரே நிமிடத்தில்’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே பாய்ந்தாள். காலையில்தான் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பொருளடக்கத்தில் போட்டிருந்த பக்க எண் எதுவும் உள்ளே ஒத்துப்போகவில்லை. மாலை ஐந்துக்குள் சரிசெய்து கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி, இத்தனை வருட உழைப்பும் வீண். மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா வேறு, வாங்க வருபவர்களிடமெல்லாம் ‘எம்பொண்ணு டாக்டராவப் போவுது’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். இன்று கோட்டைவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

“நல்லாப் பாருங்க சார். தலைப்பெல்லாம் கொட்டை எழுத்துல இருக்கு. என் கண்ணுக்குத் தெரியுது, உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?”

“தெரியாது. நீங்க எழுத்தைப் பெருசாக்கி போல்டு போட்டிருக்கீங்க, அவ்ளோதான். அது தலைப்புன்னு வேர்டுகிட்ட சொல்லவே இல்லியே. ஸ்டைல்ல ஹெட்டிங்னு குடுத்திருந்தா, என் டூல் எல்லாத்தையும் பக்க நம்பரோட உருவிக் குடுத்துரும். நானே எழுதுன புரோகிராமு அது. இதுவரைக்கும் தப்பு பண்ணதில்ல.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் என்ன மிதப்பு! அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்... பெரிய கண்கள். தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தும் சிரிக்கத் தயாராக இருந்த கண்கள். ஒரு விநாடி அவளுக்குக் கோபமே மறந்துவிட்டது. மறந்ததற்கும் சேர்த்து இரண்டு பங்காகத் திரும்பி வந்தது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க டூலுக்குப் படிக்கத் தெரியல, என் தீசிஸ் தப்பா?”

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

வீராப்பெல்லாம் தெருமுனை வரைக்கும்தான். அடுத்த கடையில் கரண்ட் இல்லை. அதற்கடுத்த கடையில், “நாளைக்கு வாம்மா” என்றார்கள். துப்பட்டா நனைந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் போவதா? அவனிடமா? சீச்சீ... ஆனால் காரியம் பெரிதா, வீரியம் பெரிதா?

போனால், கடை வாசலில் அவன் குடையும் கையுமாக நின்றிருந்தான்.

“உங்களத் தேடித்தான் கெளம்புனேன். தப்பு என்மேலதான் மேடம். நம்ம ஊர்ல யாரு ஸ்டைலு வச்சு டைப் பண்றா? எல்லாரும் போல்டுதான். டூலை மாத்திட்டேன். தனி வரியா, பெருசா, போல்டா இருந்தா இனிமே தலைப்புன்னு எடுத்துக்கும். ஓடுமான்னு தெரியல... குடுங்க, பாத்துரலாம்.”

“நானும் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்...”

“கொஞ்சமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். தலைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன... முதல் இயல், இரண்டாம் இயல், மூன்றாம் இயல், ஐந்தாம் இயல்...

“மேடம், நாலாவது எங்க?”

பதறிப்போய்க் குனிந்தாள். ஈரக் கூந்தல் அவன் கையில் பட, அவன் கையை எடுக்கவுமில்லை, மூச்சு விடவுமில்லை. தேடிப் பார்த்தால், ஃபைல்களை ஒன்றுசேர்க்கும்போது நாலாம் இயலின் தலைப்பு அழிந்து, எழுத்தெல்லாம் மூன்றாம் இயலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே போயிருந்தால் மறுபடியும் திருப்பியிருப்பார்கள்.

“சொல்லுங்க, தலைப்பு என்ன?”

“மீன் விற்கும் பெண்களும் பேரம் பேசும் முறைகளும்.”

“அவங்கல்லாம் உங்ககிட்ட வந்து கத்துக்கணும்,” என்று முணுமுணுத்தபடியே அடித்தான்.

“உங்க பேரென்ன?”

“புருஷோத்தமன்.”

“யப்பா... பேரே அரைப் பக்கம் வரும்போல!”

பிரிண்ட், பைண்டிங் எல்லாம் பறந்து பறந்து முடித்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். ஆட்டோ திரும்பும்வரை அவள் அவனையே பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்து அடிப்பதற்குள் கொடுத்துவிட்டாள். சரிபார்த்து முத்திரையும் குத்திவிட்டார்கள். போனில் அம்மா அழுதாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது... நின்றது... போயேபோய்விட்டது.

அவள் மறுபடி உப்பளத்தில் இறங்கியபோது புருஷோத்தமன் ஷட்டரில் கைவைத்தபடி நின்றிருந்தான். பார்த்ததும் முகம் வெளுத்தது.

“என்னாச்சு? திருப்பிட்டாங்களா?”

“இல்ல... வாங்கிக்கிட்டாங்க.”

“அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“காலைலேருந்து ஒரே படபடப்பு. தீசிஸாலதான்னு நெனச்சேன். அதான் குடுத்துட்டேனே... இன்னும் நிக்கல. பஸ்ஸ விட்டுட்டு வந்துட்டேன்.” அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. சொல்லிட்டேன். போறேன்...”

“நில்லுங்க!”

அவன் ஓரடி முன்னே வந்தான்.

“கடையப் பூட்டிட்டுப் போய்ட்டா, ஒருவேளை நீங்க திரும்பி வந்து பாத்துட்டுப் போய்டுவீங்களோன்னு... நீங்க போனதுலேருந்து இந்த ஷட்டரை எறக்கறதும் ஏத்தறதுமாவே நிக்கிறேங்க.”