காத்திருக்கும் கருப்பைகள்

தேன்கனிக்கோட்டைப் பண்ணையில் சினைப்பன்றிகள் மறுபடியும் நின்றுவிட்டன. சாகவில்லை, நோயில் படுக்கவும் இல்லை. வயிற்றிலிருந்த குட்டிகள் வளர்வதை மட்டும் நிறுத்திவிட்டன. ஒவ்வொரு பன்றியின் இடுப்பிலும் கட்டியிருந்த கருமானி, ‘கரு நலம், வளர்ச்சி இல்லை’ என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பண்ணையின் கால்நடை மருத்துவர் மரகதவல்லிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவளுக்கும் அது ஐந்தாவது மாதம். வயிறு தெரியவே இல்லை. ஒடிசலான உடம்புக்காரிகளுக்கு அப்படித்தான், திடீரென்று ஒருநாள் எட்டிப் பார்க்கும் என்று மாமியார் அடித்துச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு இது. இதுவும் போய்விடுமோ என்று உள்ளூர நடுங்கிக்கொண்டேதான் வேலைக்கு வந்துபோனாள்.

முன்பெல்லாம் பன்றிப் பண்ணைக்குள் ஒரு தீநுண்மி நுழைந்தால் போதும். சினைப்பன்றிகள் வரிசையாகக் காலத்துக்கு முன்பே குட்டி வீசும். இல்லையென்றால் கருத்துச் சுருங்கிய பிண்டங்களை ஈனும். காவல்நுண்மி வந்த பிறகு அந்தக் கொடுமை ஒழிந்தது. அதுவும் ஒரு வைரஸ்தான், ஆனால் மனிதன் செய்த வைரஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தொற்றி எல்லாப் பன்றிகளிலும் குடியேறிவிடும். அந்நிய நுண்மி எதையாவது கண்டால், கருப்பையிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லும். கரு அப்படியே நிற்கும். வந்த விருந்தாளி போனதும் விட்ட இடத்திலிருந்து வளரும். நாடு முழுவதும் பண்ணைக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள்.

இப்போதோ விருந்தாளியே இல்லை. இரத்தம், தண்ணீர், தீனி எல்லாம் சுத்தம். பண்ணை மேலாளர் திலகர்சாமி முதலில் மரகதவல்லியின் கைக்குப் போடும் களிம்பைச் சந்தேகப்பட்டார். அடுத்து, புதிதாக வந்த செல்போன் கோபுரத்தைத் திட்டினார். கடைசியில் திருஷ்டிதான் என்று முடிவு கட்டி ஒரு பூசணிக்காயோடு வந்து நின்றார். அவள் சிரித்தாள். ஆனால் அன்று இருந்த குழப்பத்தில் அந்தப் பூசணிக்காயை அவளே உடைத்திருப்பாள்.

பிறகு ஊர்த் திருவிழா வந்தது. பண்ணையாட்கள் மொத்தமும் கிளம்பிப் போக, தானியங்கித் தீனிவண்டிகளே கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டன. மரகதவல்லி வீட்டிலிருந்தே கருமானிக் கணக்குகளைப் பார்த்தாள். குட்டிகள் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தன! திருவிழா முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். குட்டிகள் பழையபடி நின்றுவிட்டன.

“நம்ம மூஞ்சியே புடிக்கலையா மேடம் இதுங்களுக்கு?” என்றார் திலகர்சாமி. மனிதருக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் பன்றிகளின் தொண்டையையே துடைத்துப் பரிசோதித்தவள், அன்று திலகர்சாமியின் தொண்டையையும் தன் தொண்டையையும் துடைத்துப் பார்த்தாள். இரண்டிலும் இருந்தது காவல்நுண்மி. ஆனால் பழைய காவல்நுண்மி அல்ல, கொஞ்சம் உருமாறிய ஒன்று.

அது எப்படி வந்தது என்பதும் புரிந்துபோயிற்று. புதிதாக வரும் இளம்பன்றிகளை இணைசேர்ப்பதற்கு முன், கிழப்பன்றி படுத்த வைக்கோலை அள்ளி அவற்றின் பட்டியில் போடுவது பண்ணை வழக்கம். பண்ணையின் நோய்கள் முன்கூட்டியே பழகிவிட்டால் சினைக்காலத்தில் தொல்லை இருக்காது. காவல்நுண்மி வந்ததும் இனி அது தேவையில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். இருக்கட்டுமே, நல்லதுதானே என்று இவர்கள் விடவில்லை. வைக்கோலோடு வைக்கோலாகப் பன்றி மாறி மாறிப் பயணம் செய்த நுண்மி மெல்ல உருமாறி, வைக்கோல் அள்ளிய ஆட்களுக்கும் தொற்றிவிட்டது. பன்றிகளின் உடம்பிலிருந்த பழைய காவல், மனிதர்கள் கொண்டுவந்த புதிய காவலைத் திருடன் என்று நினைத்துக்கொண்டது. பன்றியின் உடம்பு அதைச் சில நாளில் கழுவித் தள்ளினாலும் ஆட்கள் தினமும் புதிதாகக் கொண்டுவந்தார்கள்; பன்றிகளின் சோதனையிலோ அதுவும் வழக்கமான காவல்நுண்மியாகவே தெரிந்தது. ஆட்களுக்கும் பழையது எப்போதோ தொற்றியிருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு தும்மல்கூட வராததால் யாரும் கவனிக்கவில்லை.

மரகதவல்லியின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. கை கழுவக்கூடத் தோன்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மகப்பேறு டாக்டர் நபீசா ஸ்கேன் திரையை வெகுநேரம் பார்த்தார். “குழந்தை நல்லா இருக்கு. இதயம் துடிக்குது. ஆனா மூணாம் மாசம் பார்த்த அளவுலயே இருக்கும்மா. எப்படின்னு எனக்கே தெரியல.”

உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷமும், வளரவில்லை என்ற பயமும் ஒன்றாக வந்து முட்டியதில் மரகதவல்லி விசும்பி அழுதாள். அழுதுகொண்டே, இதுபோல வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள்.

“வெளிய உக்காந்திருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு இப்படித்தான். ஸ்கேன் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நேத்துதான் புதுசு மாத்தினேன்.”

பன்றிகளுக்கு எது மருந்தாயிற்று என்பதை மரகதவல்லி சொன்னாள். மனித வாடையே படாமல் சில காலம் இருந்தால் உடம்பு அந்த நுண்மியைத் தானே கழுவித் தள்ளிவிடும், கருப்பை கதவைத் திறக்கும். கேட்டுக்கொண்டே நபீசா, அவள் தோளில் வைத்திருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் கர்ப்பிணிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எத்தனை மாசம் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பண்ணை லாரியை ஓட்டும் அவள் கணவன் அற்புதராஜ், அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய செய்தி கேட்டு அடித்துப் பிடித்து வந்திருந்தான். அவள் சிவந்த கண்களைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைப் பிடிக்க வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது அவளுக்கு. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“குழந்தை நல்லாத்தான் இருக்குங்க. நீங்க கிட்ட வராதீங்க.”

தான் என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்துவதற்காக இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்தான்.